யாருக்கு எந்தக் காமிரா?

(உறுப்பினர் கல்விப் பாடம்)

துணி விற்கும் முறை நம் கண்ணெதிரே மாறி வருகின்றது. அம்மையார்குப்பத்துத் தறிகளில் நெய்த சேலைகளை மூட்டையாகக் கட்டித் திருத்தணிக்கும், எல்லைக்கு அப்பால் நகரிக்கும் புத்தூருக்கும் கொண்டு சென்ற காலத்தில், வாங்குபவர் துணியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பார். கடை வாசலுக்குக் கொண்டு சென்று பகல் வெளிச்சத்தில் சாயத்தைச் சோதிப்பார். அதன் பின்னரே விலை பேசுவார். இன்றோ துணிக்கு முன்னே அதன் படம் சென்று விடுகின்றது. படத்தைப் பார்த்தே வியாபாரி உத்தரவு கொடுக்கின்றார். படத்தில் கண்ட நிறம் ஒன்றாகவும், கையில் வந்த சேலையின் நிறம் வேறொன்றாகவும் இருக்குமானால் சேலை திரும்பி வருகின்றது. வண்டிச் சத்தமும், மடிப்புக் கலைந்த நஷ்டமும், அவற்றினும் பெரிதான நம்பிக்கைக் குறைவும் நெய்தவர் தலையிலும் சங்கத்தின் தலையிலும் விழுகின்றன.

ஆதலின் "சங்கத்திற்கு ஒரு நல்ல காமிரா வாங்க வேண்டும்" என்னும் பேச்சு நிர்வாகக் குழுக் கூட்டங்களில் எழுவது இயல்பேயாகும். நெசவாளர் குடும்பத்து இளைஞர் சிலர், தறியை விட்டுக் கலியாணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்க எண்ணி, காமிரா வாங்கக் கடன் கேட்பதும் உண்டு. முன்னதில் செலவாவது பொதுப் பணம். பின்னதில் ஈடாவது ஒரு குடும்பத்தின் எதிர்காலம். இரண்டிலும் கடைக்காரரின் பேச்சை மட்டுமே நம்பி முடிவு செய்தல் தகாது. காமிராக்கள் எவ்வெத் தரங்களாக வகுக்கப்பட்டுள்ளன, எத்தரம் எவருக்குப் பொருந்தும் என்பதை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதியே இப்பாடத்தை எழுத முன்வந்தோம்.

தொடக்கத்திலேயே ஒரு கருத்தை மனத்திற் பதித்துக் கொள்வோமாக. நெசவாளருக்கு நூல் நம்பரைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. 20ஆம் நம்பர் நூல் தடித்தது. 100ஆம் நம்பர் நூல் மெல்லியது. நம்பர் ஏற ஏற விலையும் ஏறுகின்றது. ஆயினும் 100ஆம் நம்பர் நூல் உயர்ந்தது என்பதற்காக அதனைக் கொண்டு ஜமக்காளம் நெய்வார் எவருமிலர். 20ஆம் நம்பர் நூலில் மெல்லிய சேலை நெய்ய முற்படுவாரும் இலர். எந்தத் துணிக்கு எந்த நம்பர் என்பதே கேள்வி. காமிராவின் தரங்களையும் இவ்வாறே நோக்க வேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும் படிகளாக எண்ணி, உச்சிப் படியே சிறந்தது எனக் கொள்வதால் பணம் விரயமாகின்றது.

1. ஆளுக்கேற்பப் பிறந்த கருவி

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள் திருத்தணியில் பிறந்த ஆண்டு 1888. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் "கோடக்" என்னும் பெயருடைய கைக்காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் விலை 25 டாலர். நூறு படங்களுக்கு வேண்டிய பிலிம் அதனுள்ளேயே அமைந்திருந்தது. நூறும் எடுத்து முடிந்ததும் காமிராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய பிலிமையும் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். இருட்டறை வேலையும் இரசாயனக் கலவையும் அறியாத சாதாரண மனிதருக்காகச் செய்யப்பட்ட கருவி அது. 1900இல் அதே நிறுவனம் "பிரௌனி" என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலையில் வெளியிட்டது. சிறுவரும் வாங்கக் கூடியதாக அது அமைந்தது.

1925ஆம் ஆண்டு ஜெர்மனியில் லைப்சிக் சந்தையில் "லைகா" அறிமுகமாயிற்று. ஆஸ்கர் பர்னாக் என்னும் பொறியாளர் அமைத்த இக்காமிரா சினிமாப் பிலிமைப் பயன்படுத்தியது. சட்டைப் பைக்குள் அடங்கியது. ஊர் ஊராகச் செல்பவருக்கும், நிகழ்ச்சியை நடக்கும்போதே பிடிக்க விரும்பிய பத்திரிகைக்காரருக்கும் அது உகந்ததாயிற்று. 1929இல் வெளிவந்த "ரோலைபிளெக்ஸ்" என்னும் இரட்டை லென்ஸ் காமிரா 6 செ.மீ. சதுரப் பிலிமில் படம் பிடித்தது. பெரிய பிலிம் ஆதலால் படம் தெளிவாக விழுந்தது. நிதானமாக நிறுத்தி வைத்து எடுப்பவருக்கு அது ஏற்றது.

நம் நாட்டிலும் இத்தகைய பிரிவு இருந்தது. பரோடாவில் தயாரிக்கப்பட்ட "ஆக்பா கிளிக் 3" காமிராவை முதியோர் பலர் நினைவிற் கொண்டிருப்பார்கள். வெயிலா, மேகமா என்று பார்த்து முள்ளைத் திருப்பினால் போதும். ஒரு பிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். குடும்பத்தாருக்காக ஆக்கப்பட்ட எளிய கருவி அது. ஸ்டூடியோ வைத்திருந்தவர்களோ "யாஷிகா" போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களை நாடினர். நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரசாங்கத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் "இந்து" என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. பிலிம் வழக்கொழிந்த பின்னர் அந்நிறுவனமும் மூடப்பட்டு விட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? ஒவ்வொரு காமிராவும் ஒரு வகை மனிதரையும் ஒரு வகை வேலையையும் கருதியே செய்யப்பட்டது. கிளிக் 3 வைத்திருந்த குடும்பத் தலைவர் ஸ்டூடியோக்காரருக்குத் தாழ்ந்தவரல்லர். அவருடைய தேவை வேறு, அவ்வளவே.

2. கருவிக்கு முன்னே வெளிச்சம்

கைத்தொழிலாளராகிய நாம் அறிந்து கொள்ள வேண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. 1946இல் அமெரிக்க "லைப்" பத்திரிகையின் மார்கரெட் போர்க்-ஒயிட் என்னும் அம்மையார் காந்தியடிகளை இராட்டையுடன் படம் எடுக்க வந்தார். முதலில் நூற்கக் கற்றுக் கொள்ளுமாறு அவரிடம் கூறப்பட்டது. அடிகள் அமர்ந்திருந்த அறை இருண்டிருந்தது. அடிகளுக்குக் கண் கூசும் ஆதலின் மூன்றே மூன்று மின்னொளிக் குமிழ்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இரண்டு குமிழ்கள் வீணாயின. மூன்றாவது குமிழ் உதவிற்று. உலகப் புகழ் பெற்ற காமிராக்காரி, சிறந்த கருவிகளைக் கையிற் கொண்டிருந்தும், அறையில் வெளிச்சம் இல்லாமையால் இவ்வாறு இடர்ப்பட்டார். காமிரா வாங்குமுன் வெளிச்சத்திற்கு வழி செய்ய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

3. இன்றைய தரங்கள்

1975இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பார் பிலிம் இல்லாத முதல் மின்னணுக் காமிராவை அமைத்தார். அது ஒரு படத்தைப் பத்தாயிரம் புள்ளிகளாகப் பதிந்தது. ஒரு படத்தைப் பதிய 23 விநாடிகள் ஆயின. இன்றைய காமிராக்களில் பிலிமின் இடத்தில் அமர்ந்திருப்பது ஒளியுணரித் தகடு. காமிராவின் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இத்தகட்டின் பரப்பேயாகும்.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்ததாகக் கொள்வோம். வாய் அகன்ற அண்டாவில் மிகுதியான நீர் சேரும். ஒளியுணரியும் அத்தகையதே. பரப்பு மிகுந்தால் சேரும் ஒளியும் மிகும். பெருமழையாகிய நல்ல வெயிலில் டம்ளரும் நிரம்பி விடும். தூறலாகிய மங்கிய வெளிச்சத்தில்தான் அண்டாவின் அருமை தெரியும். இதனை நினைவிற் கொண்டு தரங்களைக் காண்போம்.

முதலாவது, கைபேசிக் காமிரா. சாதாரணக் கைபேசிகளில் உணரியின் பரப்பு ஏறத்தாழ 24 சதுர மி.மீ. விலை உயர்ந்த கைபேசிகளில் இதனினும் பெரிய உணரி உண்டு.

இரண்டாவது, லென்ஸ் கழற்ற முடியாத சிறு காமிரா. ஒரு காலத்தில் குடும்பத்தார் அனைவரும் வாங்கியது இதுவே. கைபேசி இதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கு மேற்பட்ட மின்னணுக் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2023இல் அத்தொகை 80 இலட்சத்திற்கும் குறைந்து விட்டது. இவ்வீழ்ச்சியிற் பெரும் பங்கு சிறு காமிராக்களுடையதேயாகும்.

மூன்றாவது, லென்ஸ் மாற்றக்கூடிய காமிராக்களுள் தொடக்கத் தரமும் இடைத் தரமும். இவற்றிற் பெரும்பாலானவை "ஏ.பி.எஸ்.-சி" எனப்படும் அளவுடைய உணரியைக் கொண்டவை. அதன் பரப்பு ஏறத்தாழ 367 சதுர மி.மீ.; சாதாரணக் கைபேசியைப் போல் 15 மடங்கு.

நான்காவது, "புல் பிரேம்" எனப்படுவது. 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடைய பழைய பிலிம் அளவே இதற்கும். பரப்பு 864 சதுர மி.மீ.; கைபேசியினும் 36 மடங்கு. தொழில்முறைக் காமிராக்கள் பலவும் இவ்வகையின. இதற்கு மேலும் பெரிய உணரியுடைய காமிராக்கள் உண்டு. அவை பெரு நகரங்களின் விளம்பர நிலையங்களுக்கு உரியவை ஆதலின் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

மூன்றாம், நான்காம் வகைகளில் பழையன உள்ளே கண்ணாடி பொருத்தியவை. புதியன கண்ணாடி இல்லாதவை. கானன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் 2020க்குப் பின் தம் முயற்சியைக் கண்ணாடியில்லா வகைக்கே திருப்பி விட்டன. அதனால் கண்ணாடி வகைக் காமிராக்கள் பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒழுங்காகப் பேணப்பட்டவை இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

4. பெயரிலுள்ள எண்கள்

மாதிரிகளின் பெயரில் உள்ள எண்களைக் கண்டு மயங்குவோர் பலர். நூலில் நம்பர் ஏறினால் விலை ஏறும். கானன் கண்ணாடிக் காமிராக்களிலோ இது தலைகீழ். 1500டி, 3000டி என நான்கு இலக்கம் உடையவை தொடக்கத் தரம். 700டி போன்ற மூன்று இலக்கத்தன அதற்கு அடுத்தவை. 80டி, 90டி இடைத் தரம். 5டி, 1டி என ஒற்றை இலக்கத்தன தொழில்முறைத் தரம். கண்ணாடியில்லா வரிசையிலும் ஆர்100, ஆர்50, ஆர்10 என்பன தொடக்கத்தில் நிற்க, ஆர்5, ஆர்3, ஆர்1 என்பன உச்சியில் நிற்கின்றன. நிக்கானில் டி3500 தொடக்கத் தரம். டி7500 இடைத் தரம். டி850, டி6 தொழில்முறைத் தரம்.

எண்களைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுத்தையும் படிக்க வேண்டும். சோனி நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஏ7ஆர் 4 என்னும் மாதிரியில் 6 கோடியே 10 இலட்சம் படப்புள்ளிகள் உண்டு. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஏ7எஸ் 3 என்பதில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் மட்டுமே உண்டு. இரண்டும் வெளிவந்தபோது விலை ஏறத்தாழ ஒன்றே, அதாவது 3,500 டாலர். முன்னது அசையாப் பொருளை நுணுக்கமாகப் பதிபவருக்கு. பின்னது மங்கிய வெளிச்சத்தில் சலனப் படம் எடுப்பவருக்கு. புள்ளிகளின் தொகையே தரமாயின், ஐந்தில் ஒரு பங்கு புள்ளி உடையதை அதே விலைக்கு விற்க இயலுமோ?

உண்மையில் எத்தனைப் புள்ளிகள் வேண்டும்? நன்கு அச்சிட அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். ஏ4 தாள் அளவில் முழுப் பக்கப் படம் அச்சிட 87 இலட்சம் புள்ளிகள் வேண்டியுள்ளன. அஞ்சலட்டையை ஒத்த 4 அங்குலம், 6 அங்குலப் படத்திற்கு 22 இலட்சம் போதும். கைபேசித் திரையில் காண்பதற்கோ இதுவும் மிகை. தொடக்கத் தரக் காமிரா பலவற்றில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் இருப்பதை எண்ணிப் பார்க்கவும்.

5. துணியும் அலைக்கோடும்

நெசவாளர் தனியே கருத வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், எந்த வலையிலும் இல்லாத அலையலையான கோடுகள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் இழைகளும் உணரியின் புள்ளிகளும் இவ்வாறே இரு வலைகளாகின்றன. அவற்றின் நெருக்கம் ஒத்து வரும்போது, சேலையில் இல்லாத அலைக்கோடுகளும் வண்ணத் திட்டுகளும் படத்தில் விழுகின்றன. இதற்கு "மோயிரே" என்று பெயர். அலையலையாகப் பளபளக்கும் பட்டுத் துணி ஒன்றின் பிரெஞ்சுப் பெயரே இது. காமிராக்காரர் துணியிடமிருந்து கடன் வாங்கிய சொல் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அங்குலத்திற்கு 80 இழை உடைய துணியில் இழைக்கு இழை இடைவெளி ஏறத்தாழ 0.32 மி.மீ. குறுக்காக 6,000 புள்ளிகள் உடைய காமிராவில் ஒரு மீட்டர் அகலத்தைப் படத்திற்குள் அடக்கினால், ஒரு புள்ளி ஏறத்தாழ 0.17 மி.மீ. துணியைக் காட்டும். ஓர் இழைக்கு இரண்டு புள்ளிகூட நிறைவாக விழாத இந்நிலையே அலைக்கோட்டிற்கு இடமாகும். 30 செ.மீ. அகலத்தை மட்டும் அடக்கினால் இழைக்கு ஆறு புள்ளிகள் விழும். இழைகள் தனித்தனியே தெளிவுறும். ஆகவே அலைக்கோடு கண்டால் காமிராவைச் சற்று முன்னே அல்லது பின்னே நகர்த்துக. அல்லது கோணத்தைச் சிறிது மாற்றுக. பெரும்பாலும் அவ்வளவில் நீங்கி விடும்.

இதனைத் தடுக்கும் பொருட்டு உணரியின் முன் ஒரு வடிகட்டிக் கண்ணாடியை வைப்பதுண்டு. 2012இல் நிக்கான் நிறுவனம் டி800, டி800ஈ என இரு மாதிரிகளை வெளியிட்டது. இரண்டிலும் புள்ளிகள் 3 கோடியே 60 இலட்சம். டி800ஈயில் வடிகட்டியின் வேலையை நீக்கி விட்டனர். அதனால் மலை, மரம் போன்ற காட்சிகள் மேலும் கூர்மையாக விழுந்தன. விலை 300 டாலர் கூடுதல். ஆனால் துணி எடுப்பவருக்கு வடிகட்டியுள்ள, விலை குறைந்த டி800 மாதிரியே பாதுகாப்பானது! கூடுதல் பணம் கொடுத்து அலைக்கோட்டை வாங்குவானேன்? வேலையை அறியாமல் தரத்தை மட்டும் நோக்குவதன் பயன் இதுவே.

6. எவருக்கு எது?

விவசாயி: கரும்பில் இளங்குருத்துப் புழுவோ, நிலக்கடலையில் சுருள் பூச்சியோ கண்டால், வேளாண் அலுவலருக்கு உடனே படம் அனுப்பக் கைபேசியே போதும், பாதிக்கப்பட்ட இலையின் அருகே ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு விளங்கும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், புயல், வெள்ளம் போன்றவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அத்திட்டத்தின் கைபேசிச் செயலி வழியே படத்துடன் தெரிவிக்கலாம். இடத்தையும் நேரத்தையும் உடன் பதியும் கைபேசி செய்யும் இவ்வேலையை, இலட்ச ரூபாய்க் காமிரா தனியே செய்ய மாட்டாது. இங்கே கீழ்த்தரம் எனப்படுவதே மேல்தரமாகி விடுகின்றது.

நெசவாளர்: புதிய புட்டாவையோ கரையையோ சங்கத்திற்கும் வியாபாரிக்கும் காட்டக் கைபேசி போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கைபேசி தானாகவே நிறத்தை மெருகேற்றிக் காட்டும் இயல்புடையது. மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகலாம். அரக்கு நிறம் சிவப்பாகலாம். அழகு சேர்க்கும் அமைப்புகளை நிறுத்திவிட்டு, வெயில் நேரே விழாத சன்னல் வெளிச்சத்தில், டியூப் விளக்கை அணைத்து விட்டு எடுக்கவும். இருவகை வெளிச்சம் கலந்தால் எந்தக் காமிராவும் நிறத்தில் தடுமாறும்.

சங்கம்: ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே சீராகப் படம் எடுத்து, பட்டியலாகவோ இணைய விற்பனைக்கோ வைக்கும் சங்கத்திற்குத் தொடக்கத் தர அல்லது இடைத் தர ஏ.பி.எஸ்.-சி காமிரா ஒன்று தகும். அத்துடன் உறுதியான முக்காலி, ஒரே வகையான இரு விளக்குகள், நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் நிற அட்டை, இழையை அருகிற் காட்டும் லென்ஸ் ஆகியவை வேண்டும். அசையாத் துணியை முக்காலியில் வைத்து எடுக்கும்போது மங்கிய வெளிச்சம் என்ற குறையே எழாது. புல் பிரேமின் சிறப்பு அங்கே வேலையற்று நிற்கும். சரிகை கண்ணைப் பறிக்குமானால் விளக்கின் முன் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் ஒளி பரவி விழும்.

கலியாணக் காமிராக்காரர்: இவர் நிலை வேறு. தாலி கட்டும் கணம் மீண்டும் வாராது. மண்டபத்தில் வெளிச்சம் ஒழுங்காக இருப்பதில்லை. எடுத்த படம் அழிந்து போனால் பதில் சொல்ல வழியில்லை. எனவே ஒரே நேரத்தில் இரு அட்டைகளில் பதியும் வசதியும், மங்கிய வெளிச்சத்தைத் தாங்கும் பெரிய உணரியும், கைவசம் இரண்டாவது காமிராவும் இவருக்கு அவசியத் தேவைகள். ஷட்டரின் ஆயுளையும் கணக்கிட வேண்டும். நிக்கான் டி3500 மாதிரியின் ஷட்டர் ஓர் இலட்சம் முறைக்கும், தொழில்முறை டி5 மாதிரியின் ஷட்டர் நான்கு இலட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டவை. ஆண்டிற்கு 100 நிகழ்ச்சி, நிகழ்ச்சிக்கு 1,500 படம் எனக் கொண்டால் ஓராண்டில் ஒன்றரை இலட்சம் ஆகின்றது. தொடக்கத் தரக் காமிரா முதலாண்டிலேயே தன் எல்லையைக் கடந்து விடும். இங்கே விலை மிகுந்தது வாங்குதல் ஆடம்பரம் ஆகாது.

செய்தியாளரும் இயற்கை ஆர்வலரும்: திருத்தணியில் ஆடிக் கிருத்திகையன்று இரவில் மலைப்படிகளில் ஆடிவரும் காவடிகளைப் பிடிக்க, விரைவாகக் குறி பார்க்கும் காமிராவும் ஒளி மிகுதியாகப் புகும் லென்சும் வேண்டும். எஃப் 1.8 என்ற திறப்புடைய லென்ஸ், எஃப் 5.6 திறப்பைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். உடலை மாற்றுவதினும் லென்சை மாற்றுவதால் விளையும் நன்மை பெரிது. நம் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைத் தொலைவிலிருந்து எடுப்பவருக்கோ, ஏ.பி.எஸ்.-சி காமிராவே சாதகமானது, 400 மி.மீ. லென்ஸ் அதில் 600 மி.மீ. போலக் காட்டும். அங்கும் உச்சித் தரம் தேவையில்லை.

7. கணக்கு

இனிச் சங்கத்தின் கணக்கிற்கு வருவோம். கீழ்க்காண்பவை உதாரணத்திற்காகக் கொண்ட தொகைகளே. அன்றாட விலையைக் கடைகளிற் கேட்டு நிரப்பிக் கொள்க. தொடக்கத் தரக் காமிராவும் துணைப் பொருள்களும் சேர்த்து ரூ.75,000 எனவும், ஐந்தாண்டின் பின் ரூ.15,000க்கு விலை போகும் எனவும் கொள்வோம். தேய்மானம் ஆண்டிற்கு ரூ.12,000, பழுது, மின்கலச் செலவு ரூ.3,000, ஆக ரூ.15,000. ஆண்டில் 500 சேலைகளைப் படம் எடுத்தால் சேலைக்கு அடங்கும் செலவு ரூ.30. ஐம்பது மட்டும் எடுத்தால் ரூ.300! பின்னதாயின், ஊரிலுள்ள ஸ்டூடியோக்காரருக்குக் கூலி கொடுத்து எடுப்பதே சிக்கனமாகக் கூடும்.

புல் பிரேம் வகையில் ரூ.2,50,000 முடக்கி, ஐந்தாண்டின் பின் ரூ.50,000 தேறும் எனக் கொண்டால், பழுதுச் செலவு ரூ.5,000 உட்பட ஆண்டுச் செலவு ரூ.45,000. அதே 500 சேலைகளுக்கு அடங்கும் செலவு ரூ.90. வாங்குபவர் கைபேசித் திரையிற் காணும் படத்தில் இவ்வேறுபாடு தெரியப் போவதில்லை. சேலையின் விலையில் மட்டும் ஏறும்.

அருகருகே உள்ள மூன்று சங்கங்கள் ஒன்று கூடித் தொடக்கத் தரக் காமிரா ஒன்றை வாங்கி, வாரத்தில் இவ்விரண்டு நாள் முறை வைத்துக் கொண்டால், 1,500 சேலைகளுக்குச் செலவு பரவிச் சேலைக்கு ரூ.10 அளவில் நின்று விடும். தனித்தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்குதல் தானே கூட்டுறவின் பயன்?

கடன் கேட்கும் இளைஞருக்கும் ஒரு சொல். முதலாண்டு தேர்ந்த காமிராக்காரர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்கவும். பழைய காமிராவையும் நல்ல லென்சையும் முதலில் வாங்கவும்; பெரிய லென்ஸ்களை வாடகைக்கு எடுக்கவும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆனால் கடன் தவணைக்கு ஆடியும் மார்கழியும் உண்டு. அம்மாதங்களுக்கு உரிய தவணையை முன் மாதங்களின் வருவாயிலிருந்தே ஒதுக்க இயலுமா என்று கணக்கிட்ட பின்னரே பத்திரத்தில் கையெழுத்திடவும்.

8. வாங்கும் முறை

சங்கத்திற்கு வாங்கும்போது, ஆண்டில் எத்தனைப் படம், எதற்காக, எங்கே காட்ட என்பதை முதலில் எழுதித் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். பின்னர் மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெறுக. கடைக்குச் செல்லும்போது நம் சேலை இரண்டை உடன் கொண்டு செல்க. ஒன்று சரிகை உடையதாகவும் மற்றொன்று நெருங்கிய கட்டம் உடையதாகவும் இருக்கட்டும். அவற்றை அங்கேயே எடுத்துப் பார்த்து, நிறமும் இழையும் ஒத்துள்ளனவா எனச் சோதித்த பின் வாங்குக. பழையதாயின் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேட்டறிக. காமிரா, லென்ஸ், மின்கலம், அட்டை ஆகியவற்றைத் தனித்தனியே வரிசை எண்ணுடன் தளவாடப் பதிவேட்டிற் பதிந்து, ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். பலர் கையிலும் இருக்கும் காமிரா எவர் பொறுப்பிலும் இராது என்பது ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் காணும் உண்மை.

எடுக்கும் படம் நெய்தவரின் நாணயத்திற்குச் சாட்சியாக நிற்பது. அச்சாட்சி உண்மை சொல்ல எவ்வளவு கருவி வேண்டுமோ அவ்வளவு வாங்குவோமாக. மிஞ்சும் பணம் நூலுக்கும் சாயத்திற்கும் கூலிக்கும் பயன்படட்டும்.

கல்விக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. நம் சங்கம் சென்ற ஆண்டில் எத்தனை மாதிரிகளைப் படம் எடுத்தது? ஒரு படத்திற்கு அடங்கிய செலவு எவ்வளவு?

2. நிற வேறுபாட்டால் திரும்பி வந்த சேலைகள் எத்தனை? குறை காமிராவிலா, வெளிச்சத்திலா, சாயத்திலா?

3. சங்கக் கட்டிடத்தில் படம் எடுக்க ஏற்ற, வெயில் நேரே விழாத சன்னல் எது?

4. அண்டைச் சங்கங்களுடன் கூடி ஒரு காமிரா வைத்துக் கொள்ள இயலுமா? முறையை வகுப்பது எவ்வாறு?

5. டி800, டி800ஈ மாதிரிகளுள் துணிக்கு ஏற்றது எது? ஏன்?